மே மாத மாடி அறையில் கேமிங் லேப்டாப்

லேப்டாப்பின் பிராசசர் தன் சூட்டைத் தானே ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. குறித்த எல்லையைச் சூடு தொட்டதும், யாரையும் கேட்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தெர்மல் த்ராட்லிங் என்பது இதுதான். பத்து நிமிடம் வரை நொடிக்கு நூறு ஃப்ரேம் காட்டிய விளையாட்டு அறுபதுக்கு இறங்குவதும், எதிரியைச் சுடும் நேரம் பார்த்துப் படம் திக்கித் திக்கி ஓடுவதும் பெரும்பாலும் இதனால்தான். மெஷின் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. கெட்டுப்போகாமல் இருப்பதற்காகத்தான் அது வேகத்தைக் குறைக்கிறது.

எல்லை எவ்வளவு என்பது சிப்புக்குச் சிப் மாறும். இன்டெல் கோர் ஐ7-12700எச் பிராசசருக்கு அது 100 டிகிரி செல்சியஸ்; ஏ.எம்.டி.யின் ரைசன் 7 6800எச்சுக்கு 95. என்விடியாவின் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்புகள் பொதுவாக 87 டிகிரியை ஒட்டித் தணியத் தொடங்கும். விளையாடும்போது பிராசசர் 90 டிகிரியைக் காட்டினால் பதறத் தேவையில்லை. மெல்லிய கேமிங் லேப்டாப்புகள் அந்தச் சூட்டில் ஓடும்படியே வடிவமைக்கப்படுகின்றன.

சூடு எல்லையைத் தொடாமலேயே வேகம் குறைவதும் உண்டு. இதையும் த்ராட்லிங் கணக்கில் சேர்த்துப் பேசுவதால் குழப்பம் வருகிறது. அதே 12700எச் பிராசசருக்கு இன்டெல் இரண்டு மின் அளவுகளை வைத்திருக்கிறது: நீடித்த வேலைக்கு 45 வாட், சிறிது நேரத்துக்கு மட்டும் 115 வாட். வேலை தொடங்கியதும் பிராசசர் பெரிய அளவை எடுத்துக்கொண்டு 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை பாயும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழிந்ததும், லேப்டாப் நிறுவனம் எழுதிவைத்த நீடித்த அளவுக்குத் தானே இறங்கிவிடும். இது சூட்டால் வந்த இறக்கமல்ல, விதிப்படி வந்த இறக்கம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் வேகம் அந்த முதல் அரை நிமிடத்துக்கு உரியது. ஒரு மணி நேர ஆட்டத்துக்கு அதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

சிப்பின் வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். செலவாகும் மின்சாரமோ வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் ஏறும். அதனால் கடைசிப் பத்து சதவீத வேகத்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். திருப்பிப் பார்த்தால் இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. மின்சாரத்தை 20 சதவீதம் வெட்டினாலும் வேகம் ஏறக்குறைய 7 சதவீதமே குறையும். சூட்டைத் தணிக்கும் வழிகளில் பாதி இந்தக் கணக்கை நம்பியே இருக்கின்றன.

செலவான மின்சாரம் அத்தனையும் சூடாக மாறி வெளியேற வேண்டும். சிப்பின் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட், அதன் மேல் செம்புத் தகடு, அதிலிருந்து கிளம்பும் தட்டையான செம்புக் குழாய்கள். குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு திரவம் சிப்பின் பக்கம் ஆவியாகி, ஓரத்தில் குளிர்ந்து, மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. ஓரத்தில் நெருக்கமான மெல்லிய தகடுகள் இருக்கின்றன. அவற்றின் இடுக்கு வழியே ஃபேன் காற்றைத் தள்ளுகிறது. ஒல்லியான லேப்டாப்பில் இந்தத் தகடுகளுக்கும் உயரமில்லை, ஃபேனுக்கும் உயரமில்லை. பல மாடல்களில் பிராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே குழாய்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கிராஃபிக்ஸ் சிப் முழு மூச்சில் ஓடினால், அதிகம் வேலை செய்யாத பிராசசரும் சேர்ந்து சூடாகும்.

2017-இல் என்விடியா மேக்ஸ்-க்யூ என்ற பெயரில் ஒல்லி லேப்டாப்புகளுக்கென்றே குறைந்த வாட்டில் ஓடும் கிராஃபிக்ஸ் சிப்புகளைக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் முதலில் வந்த ஏசுஸ் செஃபைரஸின் தடிமன் 18 மில்லிமீட்டருக்கும் குறைவு. காற்று போக வழி வேண்டுமென்று அதன் அடிப்பாகம் திறந்துகொள்ளும்படியும், கீபோர்டு முன் விளிம்புக்குத் தள்ளப்பட்டும் அமைந்தது. ஒல்லியாக்குவதற்கு எங்காவது விலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதை அடுத்த ஆண்டு ஆப்பிளும் உணர்ந்தது. 2018 ஜூலையில் வந்த ஐ9 மேக்புக் ப்ரோ, வீடியோ வேலையின்போது தன் அடிப்படை வேகமான 2.9 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே சரிவதை யூடியூபர் ஒருவர் படம்பிடித்துக் காட்டினார். சூட்டு மேலாண்மைக்கான ஃபர்ம்வேரில் ஒரு விடுபாடு இருந்ததாக ஒப்புக்கொண்ட ஆப்பிள், அதே மாதம் 24-ஆம் தேதி அப்டேட் வெளியிட்டது. சரிவு பெருமளவு குறைந்தது, சூடு என்னவோ அப்படியேதான் இருந்தது.

லேப்டாப் சோதனைகளும் விமர்சனங்களும் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறைகளில் நடப்பவை. பெரம்பலூர், அரியலூர் வாசகர் கவனிக்க வேண்டிய இடம் இது. லேப்டாப் தன் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. எவ்வளவு கொட்ட முடியும் என்பதை, சிப்பின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் தீர்மானிக்கிறது. 25 டிகிரி அறையில் 100 வாட்டை வெளியேற்றிக்கொண்டு, சிப்பை 100 டிகிரியில் நிறுத்தும் ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்ளலாம். அங்கே வித்தியாசம் 75 டிகிரி. அறை 40 டிகிரி ஆனால் வித்தியாசம் 60 ஆகச் சுருங்கும்; அதே லேப்டாப்பால் 80 வாட்டுக்கு மேல் வெளியேற்ற முடியாது. எந்தப் பழுதும் இல்லாமலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. இதற்கு மேல் தூசி சேர்ந்து, குளிர்விக்கும் அமைப்பின் வெப்பத் தடை 20 சதவீதம் கூடினால் மிஞ்சுவது 67 வாட். ஏசி ஷோரூமில் வாங்கிய லேப்டாப்பும் மே மாதம் வீட்டில் ஓடும் லேப்டாப்பும் ஒன்றல்ல என்று சொல்வதில் மிகையில்லை.

பெரம்பலூரும் அரியலூரும், கடற்காற்று வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும் உள்மாவட்டங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரியை எட்டுவது இங்கே புதிதல்ல. ஆனால் லேப்டாப்புக்கு மதிய வெயிலைவிட இரவு எட்டு மணி மோசம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் கீழே விட்டுக்கொண்டிருக்கும். கல்லூரி முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நண்பர்களோடு வாலரன்ட் விளையாட உட்காரும் நேரமும் அதுவே. வெளியே காற்று தணிந்திருக்கும். மாடி அறைக்குள் தணிந்திருக்காது. ஆப்பிள் தன் லேப்டாப்புகளை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. மற்ற நிறுவனங்கள் பலவும் அதே 35-ஐத்தான் மேல் எல்லையாக வைக்கின்றன. அந்தக் கணக்கில் இங்குள்ள பல மாடி அறைகள் கோடையில் வாரக்கணக்கில் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. சீலிங் ஃபேன் இதற்கு உதவாது. வியர்வையை உலர்த்துவதால் மனிதருக்கு அது குளிர்ச்சி. வியர்வை இல்லாத லேப்டாப்புக்குக் கிடைப்பது அறையின் அதே சூடான காற்று.

அடுத்தது தூசி. 100 வாட் சூட்டை, வெளியேறும் காற்று 20 டிகிரி மட்டுமே கூடுதலாகச் சூடேறும்படி தள்ள, நொடிக்கு நாலு லிட்டருக்கும் மேல் காற்று வேண்டும். மணிக்கு 15 கன மீட்டர். பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் மொத்தக் காற்றே 28 கன மீட்டர்தான். இரண்டு மணி நேர ஆட்டத்தில் அறையின் காற்றளவு முழுவதும் ஒருமுறை லேப்டாப்புக்குள் புகுந்து வெளிவருகிறது, தன் தூசியோடு. அரியலூர் வட்டாரத்தில் அந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், அரசு ஆலை, ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக் என சிமெண்ட் ஆலைகளும், அவற்றுக்கு இடையே ஓடும் லாரிகளும் உள்ள ஊர். லாரிப் புழுதி குறித்து ஊர்க்காரர்கள் கொடுக்கும் புகாருக்கும் வயது அதிகம். இந்தச் சுண்ணாம்பு, டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்தது. அந்தக் கடலின் உயிரினங்களை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதே படிவின் பொடி லேப்டாப்புக்குள்ளும் போய்ச் சேர்வது ஒரு விநோதம்தான்.

ஒரு வருடம் திறக்காத லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் ஃபேனின் இறக்கைகளில் சாம்பல் நிறப் பூச்சு தெரியும். அசல் சிக்கல் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் துணி நாரும் தலைமுடியும் பின்னிக்கொண்டு, அதில் நுண்ணிய சுண்ணாம்புப் பொடி ஒட்டி, கம்பளித் துண்டு போல ஒரு படலம் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தாலும் முழுதாக வராது. மூடியைக் கழற்றி, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் படலத்தைத் தூக்கியெடுக்க வேண்டும். ஃபேனைச் சுழலவிட்டபடி ப்ளோயர் அடித்தால் அதன் பேரிங் கெட வாய்ப்புண்டு. சாலையோர வீடுகளில் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது; வாரண்டிக் காலத்தில், மூடியைக் கழற்ற நிறுவனம் அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

லேப்டாப் உண்மையில் த்ராட்லிங் ஆகிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சூடு, வேகம், வாட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ஒரே விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் போதும். சூடு எல்லையில் முட்டி நிற்க வேகம் இறங்கினால் அது சூட்டால் வந்தது. சூடு 80-இல் நிற்க வாட் மட்டும் ஒரே எண்ணில் உறைந்துவிட்டால், நிறுவனம் வைத்த மின் எல்லை. வேகம் திடீரென ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுந்து சில நொடி கழித்து மீண்டால், பெரும்பாலும் மின்சாரம் வழங்கும் சர்க்யூட் சூடேறிவிட்டது அல்லது சார்ஜர் போதவில்லை. பழைய சார்ஜர் பழுதாகி, அதற்குப் பதில் குறைந்த வாட் டைப்-சி சார்ஜரை வாங்கிப் போட்டவர்களுக்கு இந்தக் கடைசி வகை அறிமுகமாகியிருக்கும்.

சூட்டைத் தணிப்பதற்குக் காசு செலவில்லாத வழியிலிருந்து தொடங்கலாம். கட்டில் மெத்தையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்து, பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கிவிட்டாலே அடியில் காற்று புக வழி கிடைக்கும். விளையாட்டின் ஃப்ரேம் எண்ணிக்கையை 60-க்கோ 90-க்கோ கட்டிவைத்தால் கிராஃபிக்ஸ் சிப் தேவைக்கு மேல் ஓடாது. விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 100-இலிருந்து 99 சதவீதம் ஆக்கினால் பல லேப்டாப்புகளில் டர்போ எனப்படும் அந்தக் கூடுதல் வேகப் பாய்ச்சல் நின்றுவிடும். சூடு சட்டென்று இறங்கும், ஆனால் 12700எச் போன்ற சிப்பில் வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸுக்கு விழும். கனமான விளையாட்டுகளுக்கு அது அதிகப்படியான வைத்தியம். மின்னழுத்தத்தை மட்டும் சிறிது குறைக்கும் அண்டர்வோல்டிங் இதைவிட நல்ல வழி. ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதிலிருந்து பல இன்டெல் லேப்டாப்புகளில் அந்த வசதி பூட்டப்பட்டிருக்கிறது.

இரண்டு மூன்று வருடத்தில் காய்ந்துபோகும் பேஸ்ட்டை மாற்றினால் நல்ல பலன் தெரியும். ஹனிவெல்லின் பி.டி.எம்.7950 போன்ற, சூட்டில் இளகும் தாள்கள் சாதாரண பேஸ்ட்டைவிட நீண்டு உழைக்கின்றன. காலியம் கலந்த லிக்விட் மெட்டல் இன்னும் நன்றாகச் சூட்டைக் கடத்தும்; ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். வீட்டில் செய்து பார்க்கும் வேலை இல்லை. ஐஸ் பேக், ஈரத் துணி இரண்டும் ஆபத்தே தவிர வைத்தியம் அல்ல.

அறையைக் குளிர்விப்பதில்தான் இந்த மாவட்டங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. கோடைக் காற்று இங்கே வறண்டது. சென்னை, நாகை போலப் பிசுபிசுப்பானது அல்ல. அதனால் தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர்கூலர் நன்றாக வேலை செய்யும். 40 டிகிரிக் காற்றை முப்பதுக்கு அருகில் கொண்டுவர அதனால் முடியும். ஜன்னல் ஒன்றைத் திறந்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அறையில் ஈரம் நிறைந்து கூலர் வெறும் ஃபேனாகிவிடும். நீர்த்துளி தெறிக்காதபடி அதை லேப்டாப்பிலிருந்து தள்ளி வைப்பதும் அவசியம். மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றுவது, தளத்தில் தென்னங்கீற்று பரப்புவது, வெள்ளைப் பூச்சு அடிப்பது எல்லாம் லேப்டாப்புக்கும் பயன்படும். ஏசி இருந்தால் 26 டிகிரியே தாராளம்.

புதிதாக வாங்குகிறவர்கள் சிப்பின் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாறுவார்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் வரும் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப், 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு அளவில் வருகிறது. 35 வாட்டுக்குக் கட்டியது, 115 வாட்டில் ஓடும் மலிவான 4050-இடம்கூடத் தோற்கலாம். வாட் அளவு பெட்டியில் இல்லாவிட்டாலும் நிறுவனத்தின் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். திருச்சி ஷோரூமில் நிற்கும்போது விளையாட்டை ஓடவிட்டுப் பார்ப்பதைவிட, லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பது பயனுள்ளது: காற்றுத் துளைகள் எவ்வளவு, ரப்பர் கால்கள் எவ்வளவு உயரம், மூடி சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழலுமா. ஒரே சிப்பில் 18 மில்லிமீட்டர் மாடலும் 25 மில்லிமீட்டர் மாடலும் இருந்தால், மாடி அறையில் ஏசி இல்லாத வீட்டுக்கு இரண்டாவதே சரி. அது அரைக் கிலோ கூடுதலாக இருக்கலாம், விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.