கப்பலின் பெயர் எந்தத் தாளில்?

அமெரிக்காவில் குடியேறியவர்களின் வாரிசுகள், தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடத் தொடங்கினால் முதலில் கையில் எடுப்பது அவருடைய குடியுரிமைச் சான்றிதழைத்தான். கண்ணாடி போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகான தாள். ஆனால் எந்த ஊர், எந்தக் கப்பல் என்பதை அது சொல்லாது. அதற்கு முந்தைய தாள்களுக்குப் போக வேண்டும்.

1795 சட்டப்படி, குடிமகனாவதற்கு நாட்டில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே 'குடிமகனாக விரும்புகிறேன்' என்று நீதிமன்றத்தில் எழுதித் தர வேண்டியிருந்தது. இதை 'முதல் தாள்' என்பார்கள். பிறகு தந்தது மனு, அதாவது 'இரண்டாம் தாள்'. இரண்டும் ஒரே நீதிமன்றத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. நியூயார்க்கில் முதல் தாளைக் கொடுத்துவிட்டு, வேலை தேடிச் சிகாகோ போய் அங்கே மனுப் போட்டவர்கள் உண்டு.

தேடுகிறவர் மனதில் இருத்த வேண்டிய நாள் 1906 செப்டம்பர் 27. அதற்கு முன் சிறிய மாவட்ட நீதிமன்றம்கூடக் குடியுரிமை வழங்கியது; குமாஸ்தா எழுதியதுதான் பதிவு. பெயர், தேதி, எந்த மன்னருக்கான விசுவாசத்தைத் துறக்கிறார் என்பது, பல பதிவுகளில் இவ்வளவுதான். 'பிரிட்டன் அரசி விக்டோரியா' என்றிருந்தால் அயர்லாந்தா ஸ்காட்லாந்தா என்றுகூடத் தெரியாது. அந்த நாளுக்குப் பிறகு நாடு முழுவதும் ஒரே படிவம். ஒரு பிரதி வாஷிங்டனுக்குப் போயிற்று.

இந்தப் புதிய படிவத்தின் முதல் தாள்தான் புதையல். பிறந்த ஊர், பிறந்த நாள், தொழில், உயரம், எடை, கண்ணின் நிறம், ஏறிய துறைமுகம், கப்பலின் பெயர், வந்திறங்கிய தேதி எல்லாம் இருக்கும். 1929 ஜூலை முதல் புகைப்படமும் உண்டு. மனுவில் மனைவி, பிள்ளைகளின் பெயர்களோடு இரண்டு சாட்சிகளின் பெயர்களும் கிடைக்கும். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள், பல நேரம் அவர்கள் அதே ஊர்க்காரர்கள், உறவினர்கள்.

குடியேறிகளைச் சோதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை பல குடும்பங்களில் உலவுகிறது. நம்ப வேண்டியதில்லை. அங்கிருந்தவர்கள் கப்பல்காரர்கள் கொண்டுவந்த பட்டியலைச் சரிபார்த்தவர்களே. பெயரை மாற்றிக்கொண்டவர் பெரும்பாலும் தாத்தாவேதான். 1906க்குப் பிறகு குடியுரிமையோடு சேர்த்தே நீதிமன்றத்தில் பெயர் மாற்றலாம் என்பதால், பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே கோப்பில் அகப்படும்.

எந்த ஆண்டில் தேடுவது என்று தெரியாவிட்டால் 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். குடியுரிமை பெற்ற ஆண்டுக்கென்றே அதில் ஒரு பத்தி உண்டு. பாட்டியின் தாள் தனியாகக் கிடைக்கவில்லையென்றால் திகைக்க வேண்டாம்: 1855 முதல் 1922 வரை கணவர் குடிமகனானால் மனைவியும் குடிமகளே. கணவரின் கோப்பைத்தான் புரட்ட வேண்டும்.

இந்தியரைத் தேடுவோருக்கு வேறொரு தடை. குடியுரிமைச் சட்டம் தகுதியாகச் சொன்ன 'வெள்ளையர்' என்ற சொல்லில் இந்தியர் அடங்க மாட்டார்கள் என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் அவர். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946 சட்டம்தான் வழி திறந்தது. ஆகவே சான்றிதழ் இல்லை என்பதால் தேடலை நிறுத்திவிடாதீர்கள். முதல் தாள் இருக்கிறதா, தள்ளுபடியான மனு இருக்கிறதா என்று நீதிமன்றப் பதிவுகளில் கேளுங்கள்.