மணலில் ஓர் இரவு

எகிப்து நாட்டின் மேற்கு ஓரத்தில், லிபிய எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பாலைவனச் சோலை சீவா. பேரீச்சையும் ஒலிவமும் அடர்ந்த சிறு நகரம். இடையிடையே ஊற்றுகள், உப்பு ஏரிகள். தெற்கே கண்ணுக்கெட்டிய வரை மணற்கடல். குளிர்காலத்தில் பயணிகள் பலர் இங்கு வந்து, மணல் மேட்டில் கூடாரமடித்து ஓய்வாகத் தங்குகிறார்கள்.

முதல் இரவே அவர்களுக்கு ஒரு பாடம் கிடைக்கும். சனவரி மாதத்தில் பகலில் சுமார் 20° செல்சியஸ் இருந்த வெப்பநிலை விடிவதற்குள் 5° அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஏன்?

பகலில் சூடேறிய தரை இரவில் வெப்பத்தைக் கதிர்களாக வெளிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் காற்றிலுள்ள நீராவி இக்கதிர்களில் பெரும் பகுதியை உட்கவர்ந்து, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. பாலைவனக் காற்றிலோ நீராவி குறைவு, மேகமும் அரிது. எனவே வெப்பம் எளிதாக விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது.

மணலும் இதற்குத் துணைபோகிறது. மணல் துகள்களுக்கு இடையே காற்று அடைந்திருப்பதால் உலர்ந்த மணல் ஓர் அரிதிற் கடத்தி. நடுப்பகலில் வெயிலில் கிடக்கும் மணற்குவியலின் மேற்பரப்பைத் தொட்டுப் பாருங்கள். பிறகு ஒரு சாண் தோண்டித் தொட்டுப் பாருங்கள். பகல் வெப்பம் மேலேயே தங்கிவிடுவது புரியும். மேலே தங்கிய வெப்பம் இரவில் விரைவில் போய்விடுகிறது.

மெல்லிய கூடாரத் துணி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். தெளிந்த வானத்தைவிடத் துணி வெதுவெதுப்பானது. அது நமக்கும் வானத்துக்கும் நடுவே நிற்பதால், கதிர்வீச்சினால் உடல் இழக்கும் வெப்பம் குறைகிறது.

சரி, மழையே அரிதான இடத்தில் தண்ணீர் ஏது? சீவா கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 18 மீட்டர் தாழ்ந்த பள்ளம். அதன் அடியில் நூபிய மணற்பாறை என்னும் நீர்தாங்கிப் பாறை, எகிப்து, லிபியா, சூடான், சாடு ஆகிய நான்கு நாடுகளின் கீழ் பரந்து கிடக்கிறது. சகாராவில் மழை பெய்த பண்டைக் காலத்தில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஊறி இறங்கிய நீர் அது. மாடித் தொட்டியின் நீர் கீழ்க்குழாயில் பீறிடுவதுபோல, அழுத்தம் அந்நீரைப் பாறைப் பிளவுகள் வழியே மேலே தள்ளுகிறது.

இங்கேதான் சிக்கல். கிணறுகள் பெருகி, வயல்களுக்குத் தேவைக்கு மேல் நீர் பாய்ந்தது. பள்ளமாதலால் மிச்ச நீருக்கு இயற்கையான வடிகால் இல்லை. அது ஏரிகளில் சேர்ந்து, ஆவியாகி, உப்பை விட்டுச் செல்கிறது. உவர்நீர் வேர்வரை உயர்ந்தால் மரங்கள் பட்டுப்போகின்றன. பாலைவனத்தில் தண்ணீர் மிகுதியால் மரம் சாவது விந்தையல்லவா?

உப்பு மிகுந்து நீரின் அடர்த்தி உயர்வதால், பயணி ஏரியில் நீந்தாமலே மிதக்கிறார். அவரைத் தாங்கும் அதே உப்பு, உழவரின் நிலத்தைக் கெடுக்கிறது. எடுத்த நீரை ஈடுசெய்ய அங்கு மழையும் இல்லை. அளவறிந்து இறைப்பது ஒன்றே அந்தச் சோலையைக் காக்கும் வழி.