குற்றாலத்துக் குரங்கும் மாற்றுச் சிறுநீரகமும்

ஆனியில் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் கூட்டம் சேரும். கூட்டத்தின் தின்பண்டங்களைத் தேடிக் குரங்குகளும் சேரும். ஐந்தருவிப் பக்கம் பழப்பையைப் பறிக்கிற வேகத்தில் நகம் கீறிவிடும், சில நேரம் பல்லும் பதிந்துவிடும். நம் நாட்டில் ரேபிஸ் பெரும்பாலும் நாய்க்கடியால்தான் வருகிறது. என்றாலும் குரங்குக் கடிக்கும் ஊசி போட்டே ஆகவேண்டும். அறிகுறி தெரிந்தபின் அந்த நோயிலிருந்து பிழைத்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர்.

அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசியைத் தோலுக்குள் போடுவது வழக்கம்: 0, 3, 7, 28ஆம் நாட்களில், ஒவ்வொரு தடவையும் இரண்டு இடங்களில் 0.1 மி.லி. நல்ல உடல்நிலை உள்ளவருக்கு, ரத்தம் வராத சிறு கீறலானால், இது போதும். கடிபட்டவர் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் என்றால் போதாது.

தடுப்பூசி தானே போய்க் கிருமியைக் கொல்வதில்லை. செயலிழந்த வைரஸை உடலுக்குக் காட்டுகிறது. எதிர்ப்பொருளை உடல்தான் தயாரிக்க வேண்டும். அதற்கு டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் தூண்ட வேண்டும், பி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் பெருக வேண்டும். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க அன்றாடம் விழுங்கும் டாக்ரோலிமஸ் டி செல்களை அடக்குகிறது. அதோடு விழுங்கும் மைக்கோஃபினோலேட் இருவகைச் செல்களையும் பெருகவிடாமல் தடுக்கிறது. சிறுநீரகத்தைக் காக்கிற அதே மாத்திரைதான் தடுப்பூசியின் கையையும் கட்டிப்போடுகிறது.

எவ்வளவு என்பதைக் கொரோனா காட்டியது. உறுப்பு மாற்றம் செய்துகொண்ட 658 பேரை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2021இல் பரிசோதித்தார்கள். கொரோனாத் தடுப்பூசியின் இரண்டு தவணைக்குப் பிறகும் 46 சதவீதத்தினருக்கு எதிர்ப்பொருள் தென்படவில்லை. அதே ஆண்டு பிரான்ஸின் துலூஸில் 101 பேருக்கு மூன்றாவது தவணையும் போட்டார்கள். எதிர்ப்பொருள் உள்ளவர்கள் 40 சதவீதத்திலிருந்து 68 ஆக உயர்ந்தார்கள். கூடுதல் தவணை பயன் தருகிறது, எல்லோருக்கும் அல்ல. கொரோனாவில் இன்னொரு தவணை போட்டுப் பார்க்க அவகாசம் இருந்தது. ரேபிஸில் அது கிடையாது.

ஆகவே எதிர்ப்புச்சக்தி குறைந்தவருக்கு இந்திய வழிகாட்டுதல் வேறு முறை சொல்கிறது. ரத்தம் வராத சிறு நகக்கீறலானாலும், வேறோர் உடலில் உருவான ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்திலும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். தடுப்பூசியைத் தசையில், 0, 3, 7, 14, 28 என ஐந்து நாட்களில் போட வேண்டும். முடிந்து 14 நாள் கழித்து, வசதி இருந்தால், எதிர்ப்பொருள் அளவைப் பார்ப்பது நல்லது. ஊசியிலுள்ள வைரஸ் உயிரற்றது என்பதால் அதனாலேயே நோய் வந்துவிடுமோ என்று இவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

இவ்வளவும் நடக்க, கடிபட்டவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். காயத்தில் சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு தென்காசியோ செங்கோட்டையோ, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மாத்திரை அட்டையையே எடுத்துக் காட்டுங்கள். கீமோதெரபி எடுப்பவரும், மூட்டுவாதத்துக்கு ரிடுக்ஸிமாப் போட்டவரும், எச்ஐவியால் சிடி4 செல் எண்ணிக்கை குறைந்தவரும் எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களே, அவர்களும் தங்கள் நிலையைச் சொல்லியாக வேண்டும். ஊசி நன்றாகப் பிடிக்கட்டும் என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிறுநீரகம் போய்விடும்.