புள்ளி, கோடு, கட்டம்

ஒரு தாள், ஒரு பென்சில். பலகையும் காய்களும் தேவைப்படாத இந்த ஆட்டம் சட்டைப்பையில் அடங்கிவிடும். பாரிஸில் கணிதம் கற்பித்த எதுவார் லூக்கா 1889-இல் ‘பிப்போபிப்பெத்’ என்ற பெயரில் இதை அச்சில் கொண்டுவந்தார். ஹனோய் கோபுரப் புதிரைத் தந்தவரும் இவரே.

மேசைமேல் உள்ள தாளில் 25 புள்ளிகள். போடக்கூடிய கோடுகள் 40, கட்டங்கள் 16. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஆளுக்கொரு கோடாக இணையுங்கள். நான்காவது பக்கத்தை அடைப்பவர், கட்டத்துக்குள் தன் பெயரின் முதலெழுத்தை எழுதிவிட்டு, இன்னொரு கோடும் போட வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்தால் கலகலப்பு கூடும்.

இருவர் ஆடும்போதுதான் இதன் ஆழம் தெரியும். கிடைத்த கட்டங்களையெல்லாம் அள்ளிக்கொள்ளக் கை பரபரக்கும், பொறுங்கள். நீண்ட வரிசையில் கடைசி இரண்டு கட்டங்களை விட்டுவைத்து, அவற்றின் நடுக்கோட்டைத் தொடாமல் வெளிக்கோட்டை மட்டும் போடுங்கள். எதிராளி ஒரே கோட்டில் இரண்டையும் பிடிப்பார். ஆனால் அவர் இன்னொரு கோடு போட்டே ஆக வேண்டும். பாதுகாப்பான இடம் மீதமில்லையென்றால் அடுத்த வரிசை உங்களுக்குத் திறக்கும். இத்தகைய நுணுக்கங்களுக்காகவே கணித அறிஞர் எல்வின் பெர்லகாம்ப் 2000-இல் ஒரு தனி நூல் எழுதினார்.

ஆடிய தாளை எடுத்துச் செல்லலாம்.