மேல்மாடி அறையில் ஒருத்தி



ஒரு கதையைப் படித்து முடித்ததும், "நன்றாக இருந்தது" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஏன் நன்றாக இருந்தது, அதில் யாருடைய பேச்சைக் கேட்டோம், யார் பேசவே இல்லை என்று கேட்பவர் சிலரே. அப்படிக் கேட்பதைத்தான் திறனாய்வு என்கிறோம். கேள்வி மாறினால் அதே நாவல் வேறு முகம் காட்டும். ஒரே நாவலை வைத்து இதைப் பார்ப்போம்.

ஆங்கில எழுத்தாளர் சார்லட் புரோண்டே 1847-இல் வெளியிட்ட நாவல் 'ஜேன் ஐர்'. தாய் தந்தையை இழந்த ஜேன், ரோச்செஸ்டர் என்ற செல்வரின் மாளிகைக்கு ஒரு சிறுமிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வருகிறாள். அவருக்கும் அவளுக்கும் காதல் உண்டாகிறது. திருமண நாளன்று உண்மை வெளிப்படுகிறது: ரோச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. பித்துப் பிடித்தவள் என்று அவளை மேல்மாடியில் பூட்டி வைத்திருக்கிறார். பெர்த்தா என்ற அந்தப் பெண் பின்னர் மாளிகைக்குத் தீ வைத்து, கூரையிலிருந்து விழுந்து மடிகிறாள். ஜேன் திரும்பி வந்து ரோச்செஸ்டரை மணக்கிறாள்.

நூலை மட்டும் பார், எழுதியவர் வாழ்க்கை வேண்டாம் என்பார் ஒரு சாரார். நெருப்பும் குளிரும் இந்நாவலில் மாறி மாறி வருவதை அவர்கள் காட்டுவார்கள். நல்ல பயிற்சிதான், ஆனால் நமக்கு அதில் வயிறு நிறைவதில்லை.

மார்க்சியர் முதலில் சம்பளத்தைக் கேட்பார்கள். ஜேனுக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு. அவள் விருந்தினரோடும் சேராதவள், வேலைக்காரரோடும் சேராதவள். தந்தையின் உடன்பிறந்தவர் விட்டுச் சென்ற 20,000 பவுண்டு வந்த பிறகே, சரிசமமாக ரோச்செஸ்டர் முன் போய் நிற்கிறாள். காதல் கதைக்குள் கணக்குப் புத்தகம் இருப்பதை இப்பார்வை காட்டுகிறது.

சாண்டிரா கில்பர்ட், சூசன் கூபார் என்ற அமெரிக்கப் பேராசிரியைகள் 1979-இல் பெண்ணிய நோக்கில் எழுதினார்கள். ஜேன் அடக்கி வைத்த கோபத்தைப் பெர்த்தா செய்து காட்டுகிறாள் என்றார்கள். ரோச்செஸ்டர் வாங்கித் தந்த விலையுயர்ந்த மணமுக்காடு ஜேனுக்குப் பிடிக்கவில்லை. அதை இரவில் வந்து கிழிப்பவள் பெர்த்தா.

சரி, பெர்த்தா எங்கிருந்து வந்தாள்? ஜமைக்காவிலிருந்து. தந்தை அங்கே தோட்ட முதலாளி. மகளோடு 30,000 பவுண்டும் தந்தவர். அங்கே கரும்பு வெட்டியவர்கள் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள். அடிமை முறையை ஒழிக்கும் பிரிட்டிஷ் சட்டம் 1833-இல் நிறைவேறியது. 1845-இல் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவில் இறக்கப்பட்டார்கள். நம்மவர் மலாயாக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்ததும் ஒப்பந்தத்தில்தான். காலனி ஆட்சி விட்டுச் சென்றதை ஆராய்பவர்கள் இந்தப் பணத்தின் மூலத்தைத் தேடுகிறார்கள். கல்கத்தாவில் பிறந்த காயத்ரி ஸ்பிவாக், 1985-இல், ஜேனின் உயர்வைப் போற்றுவோர் அதற்குப் பெர்த்தா பலியானதை மறக்கிறார்கள் என்று கண்டித்தார்.

அவருக்கு முன்பே, மேற்கிந்தியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ், 1966-இல் பெர்த்தாவின் கதையைத் தனி நாவலாக்கினார். அதில் அவள் பெயர் ஆன்டுவனெட். பெர்த்தா என்பது கணவன் தன் விருப்பத்துக்கு வைத்த பெயர். பதிவேட்டில் கிராணி எழுதியதே பெயராகிப்போன பாட்டன் பாட்டிமாரை உடையவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். முதல் நாவலில் உறுமலாகவும் சிரிப்பாகவும் மட்டுமே நம் காதில் விழுந்தவள், இதில் தன் கதையைத் தானே சொல்கிறாள். அவளுடைய கணவனும் சொல்கிறான். கரும்பு வெட்டியவர்கள் இதிலும் கதைசொல்லும் இடத்துக்கு வரவில்லை.