ஆய்வு வாசகரை அடையும் வழி

முனைவர் பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வேடு, புறத்தேர்வாளர்கள் படித்து மதிப்பிட்ட பின்னர் பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கில் இடம்பெறுகிறது. அதன் சில பகுதிகள் ஆய்விதழ்களில், அதாவது ஒரு துறையினர் தம் கண்டறிதல்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள நடத்தும் இதழ்களில், கட்டுரைகளாக வெளிவருகின்றன. பல ஆண்டு உழைப்பில், பெரும்பாலும் மக்களின் வரிப்பணத்தில் உருவான அறிவு அந்தச் சிலரோடு நின்றுவிடுவதற்கு இரண்டு தடைகள் காரணமாகின்றன: ஆய்வு கைக்குக் கிடைக்காமை ஒன்று, கிடைத்தாலும் படித்து விளங்கிக்கொள்ள இயலாமை மற்றொன்று.

முதல் தடையை நீக்கும் முயற்சிகள் ஓரளவு முன்னேறியுள்ளன. ஆய்விதழ்களுக்குப் பதிப்பகங்கள் பெருந்தொகையைச் சந்தாவாகப் பெற்றுவந்த சூழலில், 2002-இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் பகிரவும் வழிசெய்யும் ‘திறந்த அணுக்கம்’ என்ற கொள்கையை வகுத்துரைத்தது. ஆய்வேடுகள் மின்வடிவிலும் அளிக்கப்பட வேண்டும் என்று இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி வகுத்ததைத் தொடர்ந்து, காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் ‘சோத்கங்கா’ என்னும் மின்தொகுப்பில் அவற்றைச் சேர்த்து, எல்லோரும் படிக்க வைத்துள்ளது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது; ஆயினும் அந்நிறுவனங்களுக்கு வெளியே இருக்கும் வாசகர் இத்திட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை.

இரண்டாவது தடையை நீக்கும் பொறுப்பு அறிஞர்களையே சார்ந்தது. தமிழுக்கு இதில் முன்னோடிகள் உண்டு. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பாடபேதங்களை ஒப்பிட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த தம் வாழ்வை 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதி, பதிப்புப்பணி என்பது யாது என்பதைப் பல்லாயிரம் வாசகர்கள் அறியச் செய்தார். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம், இயற்பியல் முதல் இசை வரையிலான துறைகளின் வல்லுநர்களைத் தமிழில் எழுத வைத்தது. அதனையடுத்துக் குழந்தைகளுக்கெனத் தனிக் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

அண்மைக் காலத்தில் இப்பணியின் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்கியவர் தொ. பரமசிவன். மதுரை அருகே உள்ள அழகர் கோயிலுக்கும், கள்ளர், இடையர் முதலிய சமூகத்தாருக்கும் உள்ள உறவைக் கள ஆய்வின் வழியே ஆராய்ந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் நூலாக வெளியிட்டது. ‘அறியப்படாத தமிழகம்’ என்னும் நூலில் அவர் உப்பு, உடை, விளையாட்டு என எல்லோரும் அன்றாடம் காணும் பொருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் படிந்திருக்கும் சமூக வரலாற்றைச் சில பக்கங்களில் விளக்கினார். எல்லாக் குழிகளிலும் சமமான காய்களோடு தொடங்கி, ஒருவரிடம் காய்கள் குவிந்து மற்றவர் வெறுங்கையராவதில் முடியும் பல்லாங்குழி ஆட்டத்தில், பொதுவுடைமை சிதைந்து தனிச்சொத்து தோன்றிய வரலாற்றின் சாயலை அவர் கண்டது இம்முறைக்குச் சான்றாகும். ஆய்வேடு முன்னோர் ஆய்வுகளிலிருந்து தொடங்கிச் சான்றுகளின் வழியே முடிவுக்கு வருகிறது. பொதுவாசகருக்கான எழுத்தோ அவர் அறிந்த பொருளில் தொடங்கி அறியாத இடத்துக்கு அழைத்துச் செல்கிறது.

இவ்வாறு எளிமைப்படுத்துவதால் ஆய்வின் நுட்பம் குறைந்துவிடும் என்ற அச்சம் அறிஞர்களிடம் உண்டு. அது புறந்தள்ளத்தக்க அச்சமன்று. எடுத்துக்காட்டாக, கீழடி அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி ஒன்றின் காலம், இறந்த உயிர்ப்பொருள்களில் கதிரியக்கக் கரிமம் சீராகக் குறைந்துவருவதை அளந்து, பொ.ஆ.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்ட அறிக்கையின் வழியே இச்செய்தி பரவலாயிற்று. பொ.ஆ.மு. 580 என்பது ஒரு மாதிரிக்கு உரியது என்பதும், அதே மண்ணடுக்கின் பிற பொருள்களுக்கு அதனைப் பொருத்துவது ஆய்வாளரின் உய்த்துணர்வு என்பதும் சேர்த்துச் சொல்லப்பட்டால்தான் வாசகர் செய்தியின் அளவை அறிவார். எது உறுதி, எது கருதுகோள், எதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது என்பதை ஆய்வாளரைப் போல் எடுத்துரைக்க வல்லவர் வேறெவரும் இலர்; அவர் எழுதாது விடும் இடத்தைச் சான்றற்ற பெருமிதமும் பொய்ச்செய்தியும் நிரப்பிக்கொள்கின்றன.

ஆனால், பேராசிரியர்களின் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மதிப்பு பொதுவாசகருக்கான நூல்களுக்குக் கிடைப்பதில்லை. எனினும், பொதுவாசகருக்கு எழுதும் வழக்கத்தை உருவாக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வேட்டுடனும், அதன் கேள்வி, சான்று, முடிவு ஆகியவற்றை விளக்கும் இருபது பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கட்டாயமாக்கி, அதனையும் தேர்வாளர்கள் மதிப்பிட்டுப் பொதுவில் வெளியிடச் செய்தால், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் உருவாக்கும் அறிவு, அதற்குப் பொருள் கொடுத்த மக்களிடமே திரும்பிச் சேரும்.