ஆலய மண்டபத்தில் ஆங்கில வகுப்பு

கனடாவுக்குச் சென்ற பிள்ளைகள் மார்கழி மாதத்தில் வீட்டாருடன் பேசும்போது, "இங்கே ஒரு சேர்ச்சில் இங்கிலிஷ் படிக்கிறேன், பைபிள் வகுப்பும் இருக்கிறது" என்று சொல்வதுண்டு. இதைக் கேட்கும் பெற்றோர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழும். காசு வாங்காமல் ஏன் படிப்பிக்கிறார்கள்? படிக்கப் போனால் சமயம் மாற வேண்டுமா? சைவக் குடும்பங்களுக்கும், வேறு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இவை நியாயமான கேள்விகளே. திருச்சபை நடத்தும் சஞ்சிகை ஒன்று இவற்றுக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் கூறக் கடமைப்பட்டுள்ளது.

ஆலயங்கள் ஏன் இதைச் செய்கின்றன?

1979, 1980 ஆகிய ஆண்டுகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளைச் சேர்ந்த சுமார் 60,000 அகதிகளைக் கனடா ஏற்றுக்கொண்டது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரைப் பொறுப்பேற்றவை தனியார் குழுக்கள். அவற்றுள் பல ஆலயச் சபைகளாகும். வந்தவர்களுக்கு வீடு தேடிக் கொடுத்த அதே மக்களே, ஆலய மண்டபத்தில் மேசை போட்டு மொழியும் கற்பித்தார்கள். 1986 ஆவணியில் எம்மவர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்தபோது, அவ்வூர் மீனவர்கள் அவர்களைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அதன் பின்னரும் பல்லாயிரம் தமிழர் அந்நாட்டுக்குச் சென்றனர். கரை சேர்ந்தவர்களுக்கு அடுத்த தேவை, அந்த ஊரில் பேசிப் பிழைக்க ஒரு மொழி.

1992 ஆம் ஆண்டு முதல் கனடிய அரசு புதிதாக வந்தோருக்கு இலவச மொழி வகுப்புகளை நடத்தி வருகிறது. ஆனால் அகதி விண்ணப்பம் இன்னும் தீர்மானிக்கப்படாதவர்கள் அந்த வகுப்பில் சேர முடியாது. இரவு வேலை செய்பவர்களுக்கும் கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும் வகுப்பு நேரம் ஒத்துவராமற் போவதுண்டு. இப்படி விடுபட்டவர்களுக்கு ஆலய வகுப்பு உதவுகிறது. அங்கே பெரும்பாலும் விண்ணப்ப இலக்கம் கேட்பதில்லை. பெயரை மட்டும் கேட்டு இருக்கை கொடுப்பார்கள்.

வகுப்பில் என்ன நடக்கும்?

படிப்பிப்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதிமார், இல்லத்தரசிகள் போன்ற தொண்டர்கள். ஒரு மேசைக்கு நாலைந்து பேர் என்று இருப்பார்கள். இலக்கணத்தை விட வாழ்க்கைக்கு வேண்டிய பேச்சே முதலிடம் பெறும். வைத்தியரிடம் நோவைச் சொல்வது, வாடகைச் சிட்டைக் கேட்பது, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதத்தை வாசிப்பது, பஸ்ஸில் வழி கேட்பது முதலியவை பாடங்களாகும். சில இடங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் இருப்பார்.

பண்டிகைக் காலத்தில் இவ்வகுப்புகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கனடாவில் ஐப்பசி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றியறிதல் நாள். எமது தைப்பொங்கலைப் போல அறுவடைக்காக இறைவனுக்கு நன்றி கூறும் நாள் அது. அதன் பின் நத்தார் வரும். அக்காலத்தில் பாடசாலைகள் ஏறக்குறைய இரண்டு கிழமை மூடப்படும். ரொறொன்ரோவில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஊர் முழுவதும் உறவினருடன் கூடியிருக்கையில், புதிதாக வந்தவர் அறைக்குள் தனித்திருப்பார். இதனை உணர்ந்தே பல சபைகள் அந்நாட்களில் மாணவரை விருந்துக்கு அழைக்கின்றன. குளிர் உடுப்புச் சேர்த்துக் கொடுக்கின்றன. நத்தார் வாழ்த்து அட்டை எழுதவும் பழக்குகின்றன.

வேதாகம வகுப்பு

இது பொதுவாக ஆங்கில வகுப்புக்கு முன்போ பின்போ தனியாக நடைபெறும். எளிய ஆங்கில மொழிபெயர்ப்புகளையே பயன்படுத்துவர். அவற்றுள் 'குட் நியூஸ்' எனப்படும் மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாடு 1966 இலும், முழு வேதாகமம் 1976 இலும் வெளிவந்தன. தமிழில் கதையை அறிந்தவர் தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அகராதியின்றியே பல சொற்களை விளங்கிக்கொள்வார்.

நத்தார்க் காலத்தில் வாசிக்கப்படும் பகுதிகள் எமக்குப் புதியவை அல்ல. குடிமதிப்புக்காக ஊர் விட்டுப் போன ஒரு குடும்பத்துக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பின்னர் அதே குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியது. வயலில் சிந்திய கதிர் பொறுக்கி மாமிக்கு உணவளித்த ரூத்தும் வேறு நாட்டிலிருந்து வந்த பெண்ணே. இடம்பெயர்ந்த விவசாயிக்கு இக்கதைகளை விளக்க வேறொருவர் தேவையில்லை.

சமயம் மாற வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனாலும் எல்லாச் சபைகளும் ஒரே விதமாக நடப்பதில்லை. சில இடங்களில் ஆங்கிலப் பாடநூலே வேதாகமம்தான். ஆகவே சேருமுன் மூன்று விடயங்களைக் கேட்டறியுமாறு உங்கள் பிள்ளைகளிடம் கூறுங்கள். ஆங்கில வகுப்பும் வேதாகம வகுப்பும் வெவ்வேறானவையா? வேதாகம வகுப்புக்குப் போகாவிட்டாலும் ஆங்கில வகுப்பில் தொடர்ந்து இருக்கலாமா? விருந்தும் உடுப்பும் எல்லோருக்கும் ஒரே விதமாகக் கிடைக்குமா? மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் தயக்கமின்றிப் போகலாம். இல்லையெனில் வேறு இடம் பார்க்கலாம். உதவி வேண்டி நிற்பவரிடம் அவரது நம்பிக்கையை விலையாகக் கேட்பது நற்செய்திக்கு அழகல்ல.

பிராங்க் லோபாக் என்னும் அமெரிக்கப் போதகர் 1930 இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லானாவோ பகுதியில் மரனாவோ முஸ்லிம் மக்களுக்கு அவர்களின் சொந்த மொழியிலேயே எழுத்தறிவித்தார். பணம் குறைந்து ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலை வந்தபோது, கற்றவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற முறை அங்கே உருவானது. பிற்காலத்தில் அது பல நாடுகளுக்கும் பரவியது.

இன்னுமொன்றையும் அறிந்திருத்தல் நன்று. 18 முதல் 54 வயது வரையானோர் கனடியக் குடியுரிமை பெற மொழித் தேர்ச்சிக்குச் சான்று காட்ட வேண்டும். ஆலய வகுப்பில் தரும் சான்றிதழ் பொதுவாக அதற்குப் போதாது. அரசு ஏற்றுக்கொண்ட வகுப்பையோ பரீட்சையையோ முடிக்க வேண்டும். ஆலய வகுப்பை அதற்கான முதற்படியாகக் கொள்ளலாம்.

வெளிநாடு செல்லக் காத்திருப்போர் உள்ள குடும்பங்கள் இன்றே தொடங்கலாம். தம் பெயர், பிறந்த திகதி, விலாசம், வருத்தங்களின் பெயர், குடிக்கும் மருந்து ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதவும் சொல்லவும் பழகுங்கள். வீட்டில் ஓ.எல். படித்த பிள்ளை ஒன்று இருந்தால், அப்பிள்ளையே ஆசிரியர். அப்பிள்ளையிடம் கற்றவர் அயல் வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்கட்டும்.